வெளுத்த தாலி

எங்கள் அரியூரில் நகை கழுவ வேண்டும் என்றால் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். கல்யாணமோ காதுகுத்தோ ஆடிப்பெருக்கோ, எது வந்தாலும் முதல் நாளே முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "தனக்கொடி, இத கொஞ்சம் பாத்துக் குடுடி" என்று நிற்பார்கள். நான் தட்டார் வீட்டுப் பெண் இல்லை. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் பிறந்து அப்படிப்பட்ட குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆனால் எதை எதில் போடக் கூடாது என்கிற புத்தி எனக்கு இருந்தது.

அது இல்லாத மகராசிகள்தான் ஊரில் அதிகம். கல் கம்மலைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். கல்லுக்கு அடியில் இருக்கிற அரக்கு இளகி, கல் வேறு கம்மல் வேறாக வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் ஓடி வருவார்கள். முத்தைப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு அதன் பளபளப்பு எங்கே போயிற்று என்று என்னையே கேட்பார்கள். செங்கல் தூளைப் போட்டுச் சங்கிலியைத் தேய்த்த ஒருத்தியை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அழுக்கைத் தேய்க்கிறாளா, பொன்னைத் தேய்க்கிறாளா?

நான் பூந்திக்கொட்டைத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து நுரை எடுப்பேன். அதில் நகையைக் கொஞ்ச நேரம் கிடக்க விடுவேன். பிறகு தேங்காய் நாரில் மெல்லிசாக இருப்பதைப் பிரித்து எடுத்து, குழந்தைக்குத் தலை தேய்க்கிற மாதிரி தேய்ப்பேன். இடுக்குகளுக்குத் துடைப்பக் குச்சியில் பஞ்சு சுற்றி வைத்திருப்பேன். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தால் நகை புதுசு போல இருக்கும். கழுவின தண்ணீரைக்கூட வடிகட்டாமல் கொட்ட மாட்டேன், திருகு எதுவும் கழன்று விழுந்திருந்தால் என்ன செய்வது?

இவ்வளவு பீற்றிக்கொள்கிற நான்தான் முப்பத்தாறாம் வருஷத்து ஆடிப் பதினெட்டில், தாலிக்கயிறு மாற்றுகிற நாளில், என் தாலியை நானே கெடுத்தேன்.

என் புருஷன் வீரப்பன் அப்போது சைகோனில் இருந்தார். துறைமுகத்தில் காவல் உத்தியோகம். எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரன்தான் அங்கேயும் ஆண்டான், அதனால் எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு பேர் சைகோனில் இருந்தார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எனக்குத் தாலி கட்டினார், மூன்றாம் மாதம் கப்பல் ஏறிவிட்டார். நடுவில் ஒரே ஒரு தரம் வந்து இரண்டு மாதம் இருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், பிள்ளை என்ன ஆகாயத்திலிருந்தா வரும்? ஆனாலும் குறை என் தலையில்தான் விழுந்தது. மாமியார் ஆண்டாள் வெள்ளிக்கிழமைதோறும் என்னை வில்லியனூருக்கு நடத்திக் கூட்டிப் போய் அரசமரம் சுற்ற வைத்தாள். நானும் சுற்றினேன். வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கப்பல் வந்தும் கடிதம் இல்லை, அந்தக் கவலை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

ஊர் நகையெல்லாம் முதல் நாளே கழுவிக் கொடுத்துவிட்டேன். என் தாலி மட்டும் பாக்கி. அன்று காலையில் அடுத்த வீட்டு ருக்குமணி தன் மகள் ஜெயாவை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தாள்.

"தலையில பேன் புழுத்துப் போயிருக்குதுடி. இப்பிடியே ஆத்துக்குக் கூட்டிக்கினு போனா சிரிக்க மாட்டாங்களா? நீயே வச்சி வுட்டுடு" என்றாள். கையில் வில்லியனூர் மருந்துக் கடையில் வாங்கின பாதரசம் ஒரு சின்னக் குப்பியில் இருந்தது.

பேனுக்கு எங்கள் பக்கத்து மருந்து அதுதான். இரண்டு துளி பாதரசத்தை உள்ளங்கையில் விட்டு, வெற்றிலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்து, கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பிடிகொடுக்காமல் உருண்டு உருண்டு ஓடும். பிறகு சாற்றில் மசிந்து சாம்பல் நிறத்தில் களிம்பாகிவிடும். அதை ஜெயாவின் தலையில் அப்பித் துணியைக் கட்டிவிட்டேன். கையை ஒரு கந்தலில் துடைத்தேன். அவசரம். ஆற்றுக்குப் போகிற வண்டி தயாராக நின்றது, என் தாலி இன்னும் கழுவவில்லை.

கயிறு மாற்றும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. அதனால் ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டு, பழைய கயிற்றைக் கழற்றித் தாலியையும் இரண்டு பொன் குண்டுகளையும் உருவி எடுத்தேன். நார் கைக்கு எட்டவில்லை. சின்ன உருப்படிதானே என்று உள்ளங்கையில் வைத்து நுரையை விட்டு விரலாலேயே தேய்த்தேன்.

தாலியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. நுரை என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பொட்டு பரவியது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் மறைந்து வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. குண்டுகளும் வெளுத்தன. கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கையில் ஒரு வெள்ளித் தாலி கிடந்தது.

நுரை இருந்த கிண்ணத்துக்குள் அதை மறுபடி முக்கினேன். எடுத்துப் பார்த்தேன். வெள்ளைதான். எத்தனை பேர் நகையைக் கழுவியிருக்கிறேன், பொன் வெளுத்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளை என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். என் மாமியார் உடுத்தியிருந்த புடவையும் அந்த வெள்ளைதான்.

அவள் அந்த நேரம் பார்த்து, கட்டுச்சோற்று மூட்டையோடு பின்வாசலுக்கு வந்தாள்.

"இன்னாடி இன்னும் கழுவிக்கினு..." என்றவள் கிண்ணத்தைப் பார்த்தாள். குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். "ஏய், இன்னாடி இது? யாருது இது?"

"என்னுதுதான் அத்தே. தேச்சிக்கினே இருந்தேன், வெளுத்துப் போச்சி. இன்னும் கொஞ்சம் தேச்சா..."

நான் பேசி முடிப்பதற்குள் சோற்று மூட்டை கீழே விழுந்தது. "ஐயோ, எம் புள்ள பூட்டானே!" என்று அவள் அலறிய அலறலில் வாசலில் வண்டியில் பூட்டியிருந்த மாடுகள் மிரண்டன.

தெருவே கொல்லைக்குள் வந்துவிட்டது. ஆற்றுக்குப் போகத் தலை நிறையப் பூவும் புதுப்புடவையுமாக நின்ற பெண்கள் கிண்ணத்தைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. ஒருத்தி பார்த்த உடனே தன் தாலியைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டாள். இரண்டு கப்பலாகக் கடிதம் இல்லை என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் சரிதான் என்று இன்னொருத்தி சொன்னாள். என் புருஷன் செத்தது அவ்வளவு சுலபமாக முடிவாகிவிட்டது. நானும் நம்பினேன். உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போய், அழுகைகூட வராமல், ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"எட்டாத தேசத்துல என்னப் பெத்த ராசாவே,
கட்டின சைகோன்காரி கஞ்சி வச்சி ஊத்தலையா?
ரெண்டு பேரப்புள்ள நிக்கிதடா அநாதையா,
கண்டு முகம் பாக்கலையே கண்ணான கண்மணிய!"

ஒப்பாரியில் ஆயிரம் வரும், யாரும் கூர்ந்து கேட்க மாட்டார்கள். எனக்கும் முதலில் உறைக்கவில்லை. ஆனால் ருக்குமணி பாய்ந்து போய் என் மாமியாரின் வாயைப் பொத்தினாள். அவள் பொத்தியதால்தான் எனக்குக் காது திறந்தது.

பேரப்பிள்ளையா? எனக்குப் பிள்ளை இல்லை. வீரப்பன் அவளுக்கு ஒரே மகன். அப்படியென்றால் யார் பெற்ற பேரப்பிள்ளை?

சுற்றிலும் பார்த்தேன். ஒருத்தியாவது 'இன்னா இது புதுக் கத' என்று வாயைப் பிளந்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னிடம் நகை கழுவி வாங்கிப் போன அத்தனை பேரும்.

ருக்குமணியின் கையைப் பிடித்து இழுத்தேன். "உனக்குத் தெரியுமாடி?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்..."

"தெரியுமா, தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும்டி" என்றாள், அழுதுகொண்டே. "அங்க இருந்து வர்ரவங்க சொல்லுவாங்க. அந்த ஊருப் பொம்பள ஒருத்தியோட குடித்தனம், ரெண்டு ஆம்பளப் புள்ள. உங்கிட்ட எப்பிடிடி வந்து சொல்றது? எந்த வாயால சொல்றது?"

புருஷன் செத்தான் என்றபோது சில்லிட்ட உடம்பு இப்போது பற்றி எரிந்தது. யாரை நினைத்து அழுவது? செத்தவனை நினைத்தா, ஏய்த்தவனை நினைத்தா? ஒரு பெண்ணுக்கு ஒரே காலையில் இந்த இரண்டு சேதியையும் யாராவது கொடுப்பார்களா?

அதற்குள் என் மாமனாரின் தம்பி சிவப்பிரகாசம் வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் அவர் சொல்தான் எடுபடும். கூட்டத்தை விலக்கிக் கிண்ணத்தைப் பார்த்தார். வளையலை உடைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அவர் போட்ட அதட்டலில் கொல்லையே அடங்கியது.

"சைகோன்லேர்ந்து தந்தி வந்துதா? காயிதம் வந்துதா? பொன்னு வெளுத்தா மொதல்ல பத்தரக் கூப்புடணும், வெட்டியானக் கூப்புடறீங்களே! டேய் பக்கிரி, ஆத்துக்குப் பூட்டின வண்டிய வில்லியனூருக்கு வுடு. உலகநாத பத்தர் எந்த வேலையில இருந்தாலும் அள்ளிப் போட்டுக்கினு வா."

வண்டிக்காரப் பக்கிரி போய் வர உச்சிப்பொழுது ஆயிற்று. அதுவரை நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். மாமியார் அழுவாள், ஓய்வாள், மறுபடி அழுவாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்ததா என்றே எனக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தில் நான் நினைத்ததை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தத் தாலி வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பாவம்தான். ஆனால் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, இல்லை, அந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும், என் முன்னால் வந்து நிற்க வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

உலகநாத பத்தர் வந்தார். ஒல்லியான மனிதர், வந்த வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடாத தாலியை அவர் சர்வ சாதாரணமாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, காலையில கையில இன்னா வச்சிருந்தே?"

"பூந்திக்கொட்ட நுரைதான் பத்தரே."

"அது இல்ல. அதுக்கு முன்ன."

நான் யோசித்தேன். என் கண் தானாக ஜெயாவின் தலையில் கட்டியிருந்த துணியின்மேல் போயிற்று. "பேனுக்குப் பாதரசம் மசிச்சேன்" என்றேன்.

பத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பிடிப் போடு! பொன்னக் கண்டா பாதரசம் வுடுமா? ஒரு பொட்டு கையில இருந்தா போதும், அட்டை மாரி ஒட்டிக்கும். தேய்க்கத் தேய்க்க உள்ள எறங்கும். இதுக்கா ஊரக் கூட்டி எழவு கொட்டினீங்க? மொதல்ல அந்தப் பொண்ணு தலையக் கழுவுங்க. புள்ள தலையில தடவற வஸ்துவா அது?"

"அப்ப எம் புள்ள?" என்றாள் மாமியார்.

"உம் புள்ளைக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம் ஆண்டாளம்மா? அவரு பாட்டுக்கு அங்க சோறு துன்னுக்கினு இருப்பாரு."

அவர் உடைந்த ஓட்டில் கரி நெருப்பைக் கேட்டு வாங்கினார். புகை ஆகாது என்று எல்லோரையும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். தாலியையும் குண்டுகளையும் தணலில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு விசிறியால் வீசினார். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் நகம் எனக்குள் பதிந்தது. வெள்ளை மெல்ல மெல்ல மங்கிப் பழுப்பானது. இடுக்கியால் எடுத்து ஆறவைத்து, புளித்தண்ணீரில் போட்டு, பிறகு என் பூந்திக்கொட்டை நுரையிலேயே தேய்த்து நீட்டினார். தாலி மஞ்சளாக இருந்தது. பழைய மினுக்கு இல்லை, ஆனால் பொன்.

கொல்லையில் குலவைச் சத்தம் எழுந்தது. இவ்வளவு நேரம் அழுத கண்களைத் துடைத்துக்கொண்டு பெண்கள் சிரித்தார்கள். "ஊருக்கெல்லாம் நக கழுவறவ தன் தாலியில கோட்ட வுட்டுட்டா பாருடி!" என்று ஒருத்தி சொன்னதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. வண்டியில் ஏறுங்கள், பொழுது சாய்வதற்குள் ஆற்றுக்குப் போய்விடலாம் என்று சிவப்பிரகாசம் மாமா விரட்டினார். மாமியார் சிந்தின சோற்றைப் பார்த்தும் சிரித்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் தடவி நெட்டி முறித்தாள்.

"எம் புள்ள கல்லு மாரி இருக்கான்டி! உன் தாலி பாக்கியம்டி! வாடி, கட்டிக்க."

காலையிலிருந்து நடந்தது எல்லாம் பாதரசம் என்று ஆகிவிட்டது. அவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. ருக்குமணி புதுக்கயிற்றில் மஞ்சள் தடவி, தாலியையும் குண்டுகளையும் கோத்து, எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"குனிடி" என்றாள்.

"அத்தே" என்றேன் நான். "அந்த ரெண்டுல மூத்ததுக்கு எத்தினி வயசு?"

குலவை நின்றது. மாமியார் சிரித்த வாயை மூடவும் மறந்து என்னைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்குடி அது?"

"எத்தினி வயசு?"

"தெரியாதுடி. யாரு கண்டா?"

"பேரப்புள்ள வயசு தெரியாத ஆயா எந்த ஊர்ல இருக்குது? சொல்லுங்க."

அவள் சிவப்பிரகாசம் மாமாவைப் பார்த்தாள். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிடுங்க அண்ணி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒம்போது" என்றாள் மாமியார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். இந்த மாமியாரும் இந்த மாமாவும் தட்டு நிறையப் பூவும் பழமுமாக என்னைப் பெண் பார்க்க வந்து என் அப்பாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சைகோனில் அந்தப் பிள்ளை நடை பழகி ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் பிந்தி வந்தவள். அது தெரிந்தும் இவள் என்னை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அரசமரம் சுற்ற வைத்தாள். மலடி என்று அவளும் ஏசினாள், ஊர் ஏசியதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு பேரன்களை நெஞ்சுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கத்தவில்லை. திரும்பி ருக்குமணியின் கையிலிருந்த கயிற்றை வாங்கினேன். அவள் விடமாட்டேன் என்று ஒரு நொடி பிடித்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஈரம் காயாத அந்தத் தாலியை மாமியாரின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினேன்.

"மூத்தவ இருக்கறப்ப எளையவ முந்திக்கிட்டா நம்ம ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க அத்தே" என்றேன். "அடுத்த கப்பல்ல இத அனுப்பி வையுங்க. மொதல்ல அவ கழுத்துல கட்டிட்டு, அப்பறம் உங்க புள்ள வந்து எங்கிட்டப் பேசட்டும்."

மாமியார் தன் மூடிய கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுற்றி நின்ற தெருவைப் பார்த்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகன் செத்துவிட்டான் என்று காலையில் அழுததைவிட இந்த அழுகை பெரிதாக இருந்தது.